உதடசைவு: ஹம்சத்வனி

வடதுருவ முத்தமிழ்க் கலாமன்றம் இருப்பது ஒஸ்லோவில். ஒஸ்லோவிலிருந்து வடதுருவத்துக்குப் போவதைவிட ரோமாபுரிக்குப் போவது கிட்ட. ஆனால் ரோமாபுரிக்குக் கிட்டவுள்ள முத்தமிழ்க் கலாமன்றம் என்று பெயர் வைத்தால் கடிதத் தலைப்பில் இடம் போதாது. ஆகவே வடதுருவம் என்றே விட்டுவிட்டார்கள்.

மன்றத் தலைவர் கலாஜோதி குகதாசன் ஒரு துப்புரவு நிறுவனத்தின் முதலாளி. கலாஜோதி என்ற பட்டத்தை அவருக்கு வழங்கியது மன்றம்தான். அதை முன்மொழிந்தது யார் என்று கேட்பது நாகரிகமில்லை. போன வருடம் லில்லெஸ்ட்ரோம் பக்கத்து மன்றம் ஒரு நாட்டிய நாடகம் போட்டது. மேடை முழுக்கப் பிள்ளைகள், கீழே முழுக்க அவர்களைப் பெற்றவர்கள். கலைக்கு அதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு உலகத்தில் கிடையாது. அன்றிலிருந்து குகதாசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த முறை பட்டிமன்றம் சரிவராது, உலகத்தரத்தில் ஏதாவது வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். உலகத்தரம் என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கொரு உபகுழு அமைத்துவிடுவார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹம்சத்வனி ஒரு யோசனையோடு வந்தாள்.

ஹம்சத்வனி ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள ட்வெய்ட்டாவில் பிறந்து வளர்ந்தவள். வயது இருபத்தேழு. பகலில் பார்ணஹாக என்கிற பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் காலணி மாட்டிவிடுவாள், பின்னேரங்களில் மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம் படிப்பாள். ஓரிடத்தில் இருக்கமாட்டாள். பேருந்தில் கால் ஆடும், சமையலறையில் விரல் தாளம் போடும், வாயை மூடிக்கொண்டே தொண்டைக்குள் ஏதோ உருட்டிக்கொண்டிருப்பாள். அந்தக் குரல் வெளியே வருவது குளியலறையில் மட்டுந்தான். வந்தால் கண்ணாடி அதிரும். உடனே தாய் யோகாம்பாள் கதவைத் தட்டுவாள். "பிள்ளை, காணும். கீழ்வீட்டுக்காரன் ஏறி வரப்போறான்."

ஒப்பராக் குழு ஒன்றின் குரல்தேர்வுக்கு இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் 'மிக்க நன்றி' வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்கமுடியாதது வேறொன்று. சொந்தச் சனம் அவளுடைய முழுக் குரலை ஒருநாளும் கேட்டதில்லை. மன்றத்து விழாக்களில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் தொடக்கத் தேவாரம். தேவாரம் பாடும் நேரத்தில்தான் சனம் உள்ளே வந்து, மேலங்கியைக் கழற்றி, யாருக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று பார்த்து இடம் பிடிக்கும்.

யோசனை அவளுடைய பாட்டு ஆசிரியை புளோறன்ஸிடமிருந்து வந்தது. புளோறன்ஸ் சிக்காகோவில் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி. நோர்வேஜிய வாத்தியக்காரர் ஒருவரை நம்பி ஒஸ்லோவுக்கு வந்தவர். வாத்தியக்காரர் பிறகு போய்விட்டார், வாத்தியம் மட்டும் புளோறன்ஸின் வரவேற்பறை மூலையில் நிற்கிறது. பழைய பிரெஞ்சு ஒப்பரா ஒன்றை அமெரிக்காவில் முழுக்க முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களை வைத்து இசைநாடகமாக்கியிருந்தார்கள். இளவயதில் புளோறன்ஸ் அதில் பாடியவர். பிரெஞ்சுக் கதையில் சுருட்டுத் தொழிற்சாலைப் பெண்ணொருத்தி ஒரு படைவீரனைக் காதலித்து, அலுத்துப்போய், காளையோடு மோதுகிற வீரனிடம் போகிறாள். படைவீரன் அவளைக் குத்திக் கொல்கிறான். அமெரிக்காவில் காளைக்காரன் குத்துச்சண்டைக்காரனானான், சுருட்டுத் தொழிற்சாலை போர்க்காலத் தொழிற்சாலையானது. மெட்டு மட்டும் மாறவில்லை. அவர்கள் அதைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், நீங்கள் ஏன் உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று புளோறன்ஸ் கேட்டிருந்தார்.

குகதாசன் அரைவாசியில் ஒப்புக்கொண்டார். மீதி அரைவாசியைக் கேட்க அவருக்குப் பொறுமையில்லை. அதற்குள் வரவேற்புரை எழுதத் தொடங்கிவிட்டார்.

கதை நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலைக்கு இடம்பெயர்ந்தது. அதில் ஒரு நியாயம் இருந்தது. எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்த எங்கள் ஆட்களில் பலர் முதலில் நின்றது அந்த மீன் நாற்றத்தில்தான். இப்போது அவர்களின் பிள்ளைகள் பல் வைத்தியர்கள். படைவீரன் விஷயத்தில்தான் சிக்கல். எந்தப் படை என்று ஒரு செயற்குழு உறுப்பினர் கேட்டதும் கூட்டம் முழுக்கத் தேநீர் ஆற்றத் தொடங்கிவிட்டது. எந்தச் சீருடையைப் போட்டாலும் மண்டபத்தில் பாதிப்பேர் எழும்பிப் போவார்கள், மற்றப் பாதி எழும்பி மேடைக்கு வரும். கடைசியில் அவனை விமானநிலையப் பாதுகாப்பு ஊழியனாக்கினார்கள். அந்தச் சீருடைமேல் எங்கள் சனத்துக்கு இருக்கிற ஒரே கோபம் ஊறுகாய்ப் போத்தலைப் பறித்ததுதான். காளைக்காரனுக்குப் பதிலாகக் கலைமான் அடக்குபவன் வரட்டும் என்றார் குகதாசன். கலைமான் ஏற்கனவே அடக்கமான பிராணி என்று எடுத்துச் சொன்னதில், ஸ்தவாங்கர் விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்டக்காரன் வந்தான். நாடகத்துக்குப் 'பனிமலர்ப் பாவை' என்று பெயர் வைத்ததும் தலைவரே.

நாயகி வேடத்துக்குப் போட்டி இருக்கவில்லை. ஒருவனை விட்டு இன்னொருவனிடம் போகிற பெண்ணாக நடிக்க எந்த வீட்டிலும் விடவில்லை. யோகாம்பாளும் விட்டிருக்கமாட்டாள். ஆனால் மகள் மூன்று கிழமையாகச் சாப்பாட்டு மேசையில் கரண்டியால் தாளம் போட்டபடியே இருந்ததில் அவளுக்கு விசர் பிடிக்கப் பார்த்தது. பேருந்து ஓட்டும் கணவர், இவ்வளவு அலுப்புக்கு அவளை நடிக்க விட்டுவிடலாமே என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். யோகாம்பாள் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். பாதுகாப்பு ஊழியனாக நடிப்பவன் பிள்ளையைத் தொடக்கூடாது.

"குத்திக் கொல்லுற காட்சி இருக்குதே அக்கா" என்றான் அந்த வேடம் போட்ட சயூரன் என்ற பல் வைத்தியன்.

"குத்துறதெண்டால் தள்ளி நிண்டு குத்தும் தம்பி."

ஒத்திகை ட்வெய்ட்டாவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. ஹம்சத்வனி முதல் பாட்டை முழுக்குரலில் எடுத்தாள். செயற்குழு பின்னால் சாய்ந்தது. ஒலிபெருக்கி போடவில்லையே என்று ஒருவர் சுவரைப் பார்த்தார். பாட்டு முடிந்தது. பிறகு பொருளாளர், பிள்ளைக்கு ஏன் தொண்டை நடுங்குகிறது, குளிரோ என்று விசாரித்தார். இன்னொருவர் இஞ்சிக் கசாயம் பரிந்துரைத்தார். ஒப்பராக் குரலில் அந்த அதிர்வு படித்து வாங்குவது, பத்து வருட உழைப்பு என்று புளோறன்ஸ் விளக்கினார். பத்து வருடமாகவா இந்த வருத்தம் என்று பொருளாளர் இரங்கினார்.

அனுமதிச் சீட்டுகளும் நகரவில்லை. அப்போதுதான் குகதாசனுக்குப் பொறி தட்டியது. சென்னைத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் மூன்றாமிடம் வந்த இமெல்டாவைக் கூப்பிட்டுவிட்டார். செய்தியை ஹம்சத்வனிக்கு ஒத்திகை இடைவேளையில், கையில் கடலை வடையோடு சொன்னார்.

"நடிக்கிறது நீதான் பிள்ளை. அதிலை மாற்றமில்லை. பாட்டை மட்டும் அவ பின்திரைக்குப் பின்னாலை நிண்டு பாடுவா. நீ வாயை அசைச்சால் காணும்."

"எனக்குப் பாட வரும் அங்கிள்."

"ஆர் இல்லையெண்டது? வருது. கொஞ்சம் கூட வருது."

வீட்டில் தாய் சந்தோஷப்பட்டாள். முகம் இவளுடையது, குரல் அந்தப் பிள்ளையுடையது, சினிமாவில் எல்லாம் அப்படித்தானே, தொண்டையும் நோகாது என்றாள். ஹம்சத்வனி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்று உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. யோகாம்பாள் கதவடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தட்டுவதற்கு ஒன்றும் இல்லாதபடியால் திரும்பிப் போனாள்.

விளம்பரம் வந்தது. இமெல்டாவின் முகம் பூசணிக்காய் அளவில். கீழே, மண்டபத்தில் வாகனத் தரிப்பிட வசதி உண்டு என்ற வரிக்கு மேலே, 'குரல்: இமெல்டா. உதடசைவு: ஹம்சத்வனி.' சீட்டுகள் இரண்டு நாளில் முடிந்துபோயின.

விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு புளோறன்ஸ் செயற்குழுவுக்கு வந்தார். குகதாசனுக்கு நோர்வேஜிய மொழி நன்றாகத் தெரியும். ஆனால் அந்த மொழியில் கதைத்தால் தன்னுடைய கம்பீரம் பாதியாகிவிடுகிறது என்று அவருக்கொரு சந்தேகம். ஆகவே கூட்டங்களில் தமிழில் மட்டுமே கதைப்பார். மொழிபெயர்ப்பது ஹம்சத்வனியின் வேலை. தன்னுடைய வழக்குக்குத் தானே மொழிபெயர்ப்பாளராக நின்றாள், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி.

புளோறன்ஸ் நிதானமாகச் சொன்னார். அந்த இசைநாடகம் பிறகு அமெரிக்காவில் படமானது. திரையில் தெரிந்த முகமெல்லாம் கறுப்பு முகம். நாயகியாக நடித்தவள் மேடைகளில் பாடிப் பிழைத்த பெண். ஆனாலும் ஒப்பராப் பாட்டுக்கு அவள் குரல் போதாது என்று முடிவெடுத்து, ஒரு வெள்ளைக்கார இளம்பெண்ணைப் பாடவைத்தார்கள். பாடத் தெரிந்தவள் வாயை மட்டும் அசைத்தாள். தன் வீட்டில் அந்தப் படம் ஓடினால் தாய் அந்த நடிகையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாராம், பாட்டு முடிந்ததும் எழும்பிப் போய் அடுப்பைத் துடைப்பாராம். அதனால்தான் பின்னாளில் அந்த நாடகத்தை மறுபடி மேடையேற்றி, அதில் சொந்தக் குரலில் பாட வாய்ப்பு வந்தபோது புளோறன்ஸ் ஓடிப்போய்ச் சேர்ந்தார்.

ஹம்சத்வனி இதைத் தமிழில் சொல்லி முடித்தபோது அவளுடைய குரல் உண்மையாகவே நடுங்கியது. குகதாசன் கண்களை மூடி, ஆழமாக யோசித்து, பிறகு இரண்டு கைகளையும் விரித்தார்.

"பாத்தியளே? அமெரிக்காவிலேயே அப்பிடித்தான் செய்தவங்கள். நாங்கள் சரியான பாதையிலைதான் போறம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பொருளாளர் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதினார். தலைவர் சொன்னதை மொழிபெயர்க்கும்படி புளோறன்ஸ் ஹம்சத்வனியைப் பார்த்தார். அவள் மொழிபெயர்த்தாள், ஒரு சொல் விடாமல். புளோறன்ஸ் முதலில் கேட்டது பிழையோ என்பதுபோலப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அம்மையார் மகிழ்ச்சியடைந்துவிட்டார் என்று குகதாசனும் கூடச் சிரித்தார்.

வெளியே வந்தபோது, நான் இந்த நாடகத்தை விடுகிறேன் என்றாள் ஹம்சத்வனி. விடலாம் என்றார் புளோறன்ஸ். விட்டால் மேடையில் உன்னுடைய வாய்கூட இருக்காது என்றும் சொன்னார்.

மே மாதத்தில் இமெல்டா வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். வெய்யில் அடிக்கிறது என்று நம்பி மெல்லிய சட்டையோடு வந்து விமானநிலைய வாசலிலேயே தும்மினாள். அவளைப் பிடிக்காமல் இருப்பதற்கு ஹம்சத்வனி நன்றாகத் தயாராகிப் போயிருந்தாள். ஆனால் இமெல்டா காரில் ஏறிய உடனேயே மெட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள். மற்றப் பாட்டெல்லாம் சமாளித்துவிடலாம், கடைசிப் பாட்டு தனக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்றாள். இசை ஒலிப்பதிவாகத்தானே வருகிறது, ஒலி அமைப்பாளர் றெஜினோல்ட் அதன் சுருதியைக் கணினியில் இறக்கிவிடுவார் என்று குகதாசன் முன் இருக்கையிலிருந்து உறுதி சொன்னார். அப்படியே இறக்கினார்கள். இறக்கியதில் அந்தப் பாட்டு, வரமாட்டேன் என்று மறுக்கிற பெண்ணின் பாட்டாக இல்லாமல், வரலாமா என்று யோசிக்கிற பெண்ணின் பாட்டாகிவிட்டது.

விழா நாள் மத்தியானம் உடைமாற்றும் அறையில் இருவரும் தனியாக இருந்தார்கள். ஹம்சத்வனி மீன் தொழிற்சாலை ஏப்ரனைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். இமெல்டா அவளிடம் கடைசிப் பாட்டை ஒருதடவை பாடிக்காட்டச் சொன்னாள், மேலேயிருக்கும் பழைய சுருதியில், சும்மா கேட்பதற்கு. ஹம்சத்வனி பாடினாள். இமெல்டா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

போட்டிக்குப் போகுமுன் ஆறு வருடம் தான் சினிமாவில் டிராக் பாடியதாக இமெல்டா பிறகு சொன்னாள். பெரிய பாடகி வரும்வரைக்கும் மாதிரிக்கு ஒரு குரல் வேண்டும். அதைப் பாடிக் கொடுப்பாள். பெரிய பாடகி வந்து பாடியதும் இவளுடையதை அழித்துவிடுவார்கள். தியேட்டரில் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் நான் இப்படி இழுத்தேன், அவங்களும் அப்படியே இழுக்கிறாங்க பார் என்று காட்டுவாளாம். அம்மா நம்பியதில்லை.

"கடைசிப் பாட்டுல நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றாள் இமெல்டா. "நீங்க திறந்துக்கோங்க. சுருதிய ஏத்தி வைக்கச் சொல்லி அந்த அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். என் மைக்குதான் திறந்திருக்கும், உங்களது மூடியிருக்கும். பரவாயில்லையா?"

"எனக்கு மைக் தேவையில்லை."

"அதான் பாத்தேனே" என்று இமெல்டா காதைத் தடவிக்கொண்டாள்.

விழா வழக்கம்போல நடந்தது. மங்கல விளக்கை ஏற்ற வந்தவர்களின் தொகை விளக்கின் திரிகளைவிடக் கூட. கொம்மூன் என்கிற நகரசபையிலிருந்து வந்த கலாசார அதிகாரி பன்முகத்தன்மை என்ற சொல்லைப் பல தடவை சொன்னார். குகதாசன் தன் உரையில் அமெரிக்க முன்னுதாரணத்தை விரிவாக எடுத்துரைத்தார். முன்வரிசையில் இருந்த புளோறன்ஸுக்கு ஒரு பூச்செண்டு கொடுத்தார். அதற்குப் பிறகு நேரம் மிஞ்சியபடியால் நாடகம் தொடங்கியது.

ஹம்சத்வனி வாயை அசைத்தாள். பின்திரைக்குப் பின்னாலிருந்து இமெல்டாவின் குரல், அடக்கமாக, தேன் தடவியதுபோல வந்தது. சனம் ரசித்தது. ஹம்சத்வனியின் கை மேசையிலிருந்த பிளாஸ்டிக் மீன்களை ஓயாமல் அடுக்கிக்கொண்டேயிருந்தது. நடிப்பு இயல்பாயிருக்கிறது என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் வரிசையில் யோகாம்பாள், பக்கத்திலிருந்தவளிடம் பிள்ளையின் வாயசைவு எவ்வளவு திருத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி. சயூரன் விமானநிலையச் சீருடையில், மீன் வெட்டும் கத்தியோடு, நிபந்தனைப்படி தள்ளி நின்று, திரும்பி வா என்று கெஞ்சினான். இசை எழுந்தது. ஒத்திகையில் இல்லாத உயரத்தில். ஹம்சத்வனி வாயைத் திறந்தாள்.

மண்டபம் நிமிர்ந்தது. அழுதுகொண்டிருந்த ஏதோவொரு குழந்தை அழுகையை நிறுத்தியது. வடை பொரிக்கும் சமையற்கட்டிலிருந்து இரண்டு பேர் எண்ணெய்க் கையோடு வாசலுக்கு வந்தார்கள். சயூரன் இரண்டடி பின்னால் போனான். அந்தக் குரல் வந்த திசை அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒலி அமைப்பாளர் றெஜினோல்ட் தன் கருவியைப் பார்த்தார். அதில் இமெல்டாவின் மைக்குக்குரிய இடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஆனால் மண்டபம் நிறையப் பாட்டு. விளக்குகள்தான் பழுது என்ற முடிவுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு ரசித்தார். வரமாட்டேன், வரமாட்டேன் என்று பாட்டு ஏறியது. மூன்றாவது அடியில் ஒரு கணம் இழை அறுந்ததுபோல இருந்து மீண்டும் எழுந்தது. சயூரன் காற்றைக் குத்தினான். அவள் விழுந்தாள்.

பிணம் எழும்புவதற்குள் குகதாசன் பொன்னாடையோடு மேடையேறிவிட்டார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. கட்டையைத் தாண்டுவதுபோல ஹம்சத்வனியைத் தாண்டிப் போய், இமெல்டாவைப் பின்திரையிலிருந்து கைபிடித்துக் கூட்டிவந்தார். வடதுருவம் இதுவரை கேட்டிராத குரல் என்று அறிவித்துப் பொன்னாடையைப் போர்த்தினார். இமெல்டா ஒலிவாங்கியை வாங்கினாள்.

"கடைசிப் பாட்டு நான் பாடலைங்க. ஹம்சாதான் பாடினாங்க. என் மைக்குல நான் மூச்சுகூட விடலை."

குகதாசன் ஒலிவாங்கியைத் திருப்பி வாங்கினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"பாருங்கோ இந்தத் தன்னடக்கத்தை" என்றார். "இதைத்தான் எங்கடை பிள்ளையள் தமிழ்நாட்டிட்டையிருந்து படிக்கவேணும்."

கைதட்டல் முன்னதைவிடப் பெரிதாக எழுந்தது. இமெல்டா மறுபடி ஏதோ சொல்ல முயன்றாள். அது இன்னும் பெரிய அடக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எழும்பி உட்கார்ந்திருந்த ஹம்சத்வனி, செயற்கை இரத்தம் ஒட்டிய ஏப்ரனோடு மண்டபத்தைப் பார்த்தாள். எல்லோரும் தன் குரலுக்குத்தான் தட்டுகிறார்கள். எல்லோரும் பார்ப்பது வேறு பக்கம். முன்வரிசையில் புளோறன்ஸ் மட்டும் தட்டவில்லை. பூச்செண்டை மடியில் வைத்துக்கொண்டு, ஹம்சத்வனியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உணவு நேரத்தில் றெஜினோல்டுக்கும் பாராட்டுக் கிடைத்தது. இன்றைக்குத்தான் ஒலி அமைப்பு திருத்தமாம். யோகாம்பாளிடம் நாலைந்து பேர் வந்து, அந்தச் சென்னைப் பிள்ளை கடைசிப் பாட்டை என்ன மாதிரிப் பாடினது என்று வியந்தார்கள். யோகாம்பாள் ஓம், ஓம் என்றாள். வடையைத் தொடவில்லை. போவம் என்று மகளின் கையைப் பிடித்தாள். காரில் கொண்டுபோய் விடுகிறோம் என்றவர்களையும் மறித்துவிட்டாள்.

வெளியே பின்னேர வெய்யில் கொட்டிக்கிடந்தது. ட்வெய்ட்டாவுக்குப் போகும் நிலக்கீழ் ரயிலில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். ஹம்சத்வனியின் கால் ஆடிக்கொண்டேயிருந்தது. இரண்டு நிலையங்கள் போயின. யோகாம்பாள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"மூண்டாவது அடியிலை மூச்சு வாங்கினனி" என்றாள், பைக்குள்ளே பார்த்தபடி. "வீட்டிலை அந்த இடத்திலை வாங்கமாட்டாய்."

ஆடிய கால் நின்றது.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமே?"

"பத்து வருஷமாய்க் கதவுக்கு அங்காலை நிண்டு கேட்டனான். தெரியாமலோ?"

"அப்ப ஏன் அங்கை ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"பாடாதவளே எழும்பி நிண்டு நான் பாடேல்லை எண்டு சொன்னவள். அதையே நம்பாத சனம், பெத்தவள் சொன்னால் நம்புமோ?" யோகாம்பாள் பையை மூடினாள். ரயில் பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். ஒஸ்லோ ரயிலில் ஆட்கள் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள். தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பது யார் என்று யோசிக்கிற மாதிரி. "எங்கை, அந்த அடியைத் திருப்பிப் பாடு. மூச்சு வாங்காமல்."

"இஞ்சையோ?"

"இஞ்சை கீழ்வீடு இல்லைத்தானே."

ஹம்சத்வனி தாயைப் பார்த்தாள். பிறகு இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, பாடினாள். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கைபேசியில் குனிந்திருந்தவர்கள் நிமிரவில்லை. எதிரே இருந்த வயதான நோர்வேஜியர் ஒருவர் மட்டும், பக்கத்து இருக்கையில் யாரும் உட்காராதபடி வைத்திருந்த தன் பையை மெதுவாகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இந்த ஊரில் அதற்கு மேல் கைதட்டல் கிடையாது.